நண்டுக் கம்பெனி இன்ட்ராநெட்: மண்டபத்தில் பளிச், தொண்டியில் பட்டனையே காணோம்

மண்டபத்திலிருந்து நண்டுச் சதை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்கு, ராமநாதபுரம் டவுனில் இருக்கும் ஒரு வெப் டிசைன் நிறுவனம் செய்து கொடுத்த இன்ட்ராநெட் (ஊழியர்கள் மட்டும் பயன்படுத்தும் உள் இணையதளம்) இது. ஹெட் ஆபீஸ், தேவிபட்டினம், தொண்டி கொள்முதல் நிலையங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தளம்.

ஹெட் ஆபீஸில் விண்டோஸ் 11, புது எட்ஜ் பிரவுசர். அங்கே குறை சொல்ல எதுவும் இல்லை. லோகோ எஸ்விஜி (கோடுகளாக வரையப்படும் பட வகை) என்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறு தட்டவில்லை. லீவு லெட்டர் முதல் லாட் என்ட்ரி (ஒவ்வொரு சரக்குத் தொகுதியின் பதிவு) வரை ஒரே தலைப்பட்டை, ஒரே நீலம். நிறங்களை சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) வேரியபிளாக, அதாவது பெயரிட்ட மதிப்பாக, ஒரே ஃபைலில் வைத்திருக்கிறார்கள், நல்ல வேலை.

தொண்டியில் இருப்பது விண்டோஸ் 7. அதில் ஓடும் கடைசி குரோம் 109. டிசைனரோ பட்டன் நிறத்தை, இரண்டு நிறங்களைக் கலக்கும் கலர்-மிக்ஸ் என்ற சிஎஸ்எஸ் வசதியைக் கொண்டு கலக்கியிருக்கிறார். குரோமுக்கு அது 111-இல்தான் வந்தது. விளைவு, பட்டனின் நீலம் விழவில்லை. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தாக 'சேமி' கிடக்கிறது. எடை போடுபவர் அது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் என்ட்ரியைப் பாதியில் விடுகிறார். அதே வேரியபிளை மேலே ஒருமுறை சாதாரண ஹெக்ஸில் (# போட்டு எழுதும் நிற எண்) எழுதிவைத்தாலும் பலிக்காது. வேரியபிள் எந்த மதிப்பையும் வாங்கிக்கொள்ளும் என்பதால் கீழே உள்ளதே நிற்கும், பயன்படுத்தும் இடத்தில்தான் செல்லாமல் போகும். ஹெக்ஸை வெளியே வைத்து, கலர்-மிக்ஸை சப்போர்ட்ஸ் விதிக்குள் (அந்த வசதி தெரிந்த பிரவுசர் மட்டும் படிக்கும் பகுதி) போட வேண்டும். பயர்பாக்ஸ் இஎஸ்ஆர் 115 (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) போட்டால் நீலம் வந்துவிடும். ஆனால் அது தற்காலிக வைத்தியம்தான்.

தமிழ் எழுத்துரு அடுத்த தலைவலி. கூகுள் லிங்கிலிருந்து இழுக்கிறார்கள். வெளி இணைப்பு போனால் ஒரு கணினியில் விண்டோஸின் லதா எழுத்துரு, இன்னொன்றில் நிர்மலா. அகலம் மாறுவதால் 'கொள்முதல் நிலையம்' தலைப்பு இரண்டு வரியாக உடைகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வோஃப்2 (வெப்புக்கான எழுத்துரு வடிவம்) ஃபைலாகச் சொந்த சர்வரிலேயே வைத்தால் தீர்ந்தது. உரிமக் கட்டணம் கிடையாது. வரி உயரம் 1.2 தமிழுக்குப் போதாது, 'ளு', 'ழு' கால்கள் வெட்டுப்படுகின்றன. 1.6 வைக்கட்டும்.

பிரின்ட்டில் பிராண்டிங் மொத்தமாகக் காணாமல் போகிறது. குரோம் பின்னணி நிறத்தைத் தானாக அச்சிடாது. அதனால் அட்டைப்பெட்டி லேபிளில் நீலப்பட்டை இல்லை, கம்பெனிப் பெயர் வெளிறிய சாம்பலில் விழுகிறது. நிறத்தை அப்படியே அச்சிடச் சொல்லும் பிரின்ட்-கலர்-அட்ஜஸ்ட் என்ற சிஎஸ்எஸ் அமைப்பை எக்ஸாக்ட் என்று, வெப்கிட் முன்னொட்டோடும் சேர்த்து எழுத வேண்டும். லேபிளுக்கு வெள்ளைத்தாளில் கறுப்பு எழுத்தே இன்னும் நல்லது என்போம்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது தேதிக் கட்டம். கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து ஒன்றில் நாள் முன்னே, ஒன்றில் மாதம் முன்னே காட்டுகிறது. 05/06 மே மாதமா ஜூனா? லாட் தேதி பிசகினால் சரக்கையே நிறுத்த வேண்டிவரும். பக்கத்திலேயே '5 ஜூன்' என்று எழுத்தில் காட்டுவது டெவலப்பருக்கு அரைமணி வேலை.

சேவை மரியாதையானது, போன் செய்தால் எடுக்கிறார்கள், அடித்தளமும் சரியாக இருக்கிறது. தாராளமாக வேலை கொடுக்கலாம். ஆனால் ஒப்பந்தத்திலேயே 'பழைய குரோம் 109-லும் ஓட வேண்டும்' என்று எழுதி வாங்குங்கள். டெமோவை ஹெட் ஆபீஸில் பார்க்காதீர்கள். உங்களிடம் உள்ள ஆகப் பழைய கணினியில், நெட் கேபிளைப் பிடுங்கியும் ஒருமுறை, லேபிள் அச்சடித்தும் ஒருமுறை பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.