கொளத்தூரில் கூட்ட மீன்: எதை வாங்கலாம், எதற்கு யோசிக்கணும்

வில்லிவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் சென்னையின் வண்ண மீன் சந்தையான கொளத்தூர் வந்துவிடும். மீன்குஞ்சு உற்பத்தி செய்கிறவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருப்பதுதான் இந்த இடத்தின் பலம். ஜீப்ரா டேனியோ, பிளாக் விடோ டெட்ரா, டைகர் பார்ப், ரோஸி பார்ப் போன்ற கூட்டமாக நீந்தும் தொட்டி மீன்களை இங்கே தாராளமாக வாங்கலாம். பெரும்பாலும் இவை நம்மூர் உப்புக் கூடிய போர்வெல் தண்ணீரிலும் வெயிலிலும் வளர்ந்தவை.

நியான் டெட்ரா விஷயம் வேறு. முதல் தொட்டி வைக்கிறவர்கள் ஆசையாகக் கேட்பது அதைத்தான். ஆனால் அதற்கு ஒத்துவருவது 22 முதல் 26 டிகிரி, அதிலும் உப்புக் குறைந்த மென்னீர். மே மாதம் சென்னையில் வீட்டுத் தொட்டி சாதாரணமாக 31 டிகிரியைத் தொடும். அதே அழகு வேண்டுமென்றால் கார்டினல் டெட்ரா கேளுங்கள். ரியோ நீக்ரோ பக்கத்து மீன் என்பதால் 28, 29 டிகிரியைத் தாங்கும். நியானுக்குச் சிவப்புப் பட்டை வயிற்றின் நடுவில்தான் தொடங்கும், கார்டினலுக்குத் தலைப்பக்கமிருந்து வால்வரை ஓடும். விலை கூடுதல்தான், ஆனாலும் கார்டினலே மேல்.

கடையில் முதல் கேள்வி விலையாக இருக்கக் கூடாது. "அண்ணே, இது வந்து எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள். நேற்று வந்த சரக்கு என்றால் ஒரு வாரம் கழித்துப் போங்கள். பயணத்தில் நொந்த மீன் முதல் சில நாட்களில்தான் சாகும், அந்தச் சாவு கடைத் தொட்டியில் நடக்கட்டும். ரம்மிநோஸ் டெட்ரா வாங்கினால் வேலை சுலபம்: மூக்கு ரத்தச் சிவப்பாக இருந்தால் நலம், வெளுத்திருந்தால் தண்ணீரோ உடம்போ சரியில்லை. வலை விட்ட உடனே வெளுப்பது இயல்பு, அதனால் வலை விடுவதற்கு முன்பே பாருங்கள். நியானில் பட்டை நடுவே திட்டுத்திட்டாக நிறம் போய், அந்த மீன் கூட்டத்தை விட்டுத் தனியே நின்றால் அந்தத் தொட்டியையே விட்டுவிடுங்கள். நியான் நோய்க்கு மருந்து கிடையாது. பல தொட்டிகளுக்கு ஒரே ஃபில்டர் ஓடும் கடையில், பக்கத்துத் தொட்டியில் செத்து மிதப்பதும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை என்று மிட்டாய் நிறத்தில், உடம்பு கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் கிளாஸ் மீன் வைத்திருந்தால் வாங்காதீர்கள். அது ஊசியாலோ சாயத்தாலோ ஏற்றிய நிறம். சில மாதத்தில் வெளுக்கும், அதுவரை மீன் உயிரோடு இருந்தால்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி ஏறக்குறைய 55 லிட்டர். அதில் ஐந்து வகையில் இரண்டிரண்டு போடுவதைவிட ஒரே வகையில் 10 கார்டினல் போடுங்கள். ஆறுக்குக் கீழே போனால் செடிக்குள் பதுங்கும், சாப்பிடாது. டைகர் பார்ப்பாக இருந்தால் பெரிய தொட்டியில் குறைந்தது எட்டு வேண்டும். குறைந்தால் கடிக்கும் குணம் மற்ற மீன்களின் மேல் திரும்பும். கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல் இவற்றின் நீள வால் இருக்கும் தொட்டியில் அதைச் சேர்க்கவே கூடாது.

பெரிய சறுக்கல், தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்குவது. 'செட்டாக எடுத்துக்கோங்க' என்று தருவார்கள், வியாபாரம் அப்படித்தான். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் போட்ட டெட்ரா அம்மோனியாவில் சாகும், பழி மீன்மேல் விழும். நோயில்லாத தொட்டியில் ஓடிய பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் தெரிந்தவரிடம் கிடைத்தால் காத்திருப்பு குறையும்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைத் தண்ணீர் 300, வீட்டு போர் தண்ணீர் 1000 என்றால் நேரே கொட்டுவது கொலை. ஆர்ஓ தண்ணீர் இரண்டு பங்கு, போர் ஒரு பங்கு கலந்து அருகில் கொண்டுவாருங்கள். ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாய்த் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மெட்ரோ தண்ணீருக்கு, அதாவது மாநகரக் குழாய்த் தண்ணீருக்கு, ஆன்டி-குளோரின் சொட்டு அவசியம்.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் என்று கட்டச் சொல்லி, செய்தித்தாளில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். வீட்டில் பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விட்டு, ஐந்து நிமிடத்துக்கு அரை டம்ளர் வீதம் தொட்டித் தண்ணீர் சேருங்கள். டிடிஎஸ் வித்தியாசம் அதிகமானால் ஒரு மணி நேரம்கூட எடுக்கலாம். பிறகு வலையால் மீனை மட்டும் எடுங்கள், பைத் தண்ணீர் வாஷ்பேசினுக்கு. இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளி நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கோடையில் தொட்டி மூடியைத் திறந்து சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் ஓட விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் பாட்டில் போட்டால் சூடும் குளிரும் மாறி மாறி அடிக்கும், வேண்டாம். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள், போர் ஊற்றினால் வாரா வாரம் உப்பு ஏறும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றையும் கொளத்தூரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் போகும் இரவில் கூட்டம் மொத்தமும் அதை நம்பித்தான் இருக்கும்.