ஒன்பது வருடமாக ஒரு 1969 ஜட்ஜ்: வண்டியும் அதன் காகிதங்களும்

பெரிய இன்ஜின் வைத்த பழைய அமெரிக்க மசில் கார் வாங்கப்போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டால், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஃபைலைத் திறக்கச் சொல்லுங்கள் என்பேன். 2016 வசந்தத்தில் நான் வாங்கிய 1969 போன்டியாக் ஜி.டி.ஓ. ஜட்ஜ் கற்றுக்கொடுத்த பாடம் இது. ஒன்பது வருடத்தில் ஓட்டியது சுமார் 7,000 மைல்தான். சேர்ந்த காகிதம் மூன்று தடித்த ஃபைல். வீட்டில் இதை "உங்க ரெண்டாவது பி.எச்.டி." என்கிறார்கள். முதலாவது எதுவும் கிடையாது.

நான் இருப்பது டெட்ராய்ட் புறநகரில். பிரேக் பாகங்கள் வடிவமைக்கும் வேலை. போன்டியாக் என்ற ஊர் வீட்டிலிருந்து அரை மணி நேரம். அந்தப் பெயரில் கார் விற்ற பிராண்டை ஜெனரல் மோட்டார்ஸ் 2010ல் மூடிவிட்டது. ஆகவே கம்பெனியிடம் போய்க் கேட்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜட்ஜ் என்பது தனி மாடல் இல்லை. ஜி.டி.ஓ. வாங்கும்போது 332 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கிடைத்த ஒரு தொகுப்பு. வெளிக்காற்றை நேராக இழுக்கும் 400 கன அங்குல ராம் ஏர் இன்ஜின், டிக்கி மேல் ஒரு இறக்கை, பக்கவாட்டில் பட்டை ஸ்டிக்கர், டி வடிவக் கைப்பிடி வைத்த ஹர்ஸ்ட் கியர் லீவர். போட்டி வண்டியான பிளிமத் ரோட் ரன்னர் மலிவு விலையில் விற்றுத் தள்ளியதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் போன்டியாக் செய்த வேலை அது. சக்கரத்தைச் சுற்றி வரும் பளபள வளையத்தைக்கூடச் சிக்கனத்துக்காக எடுத்துவிட்டார்கள். இன்று அந்த வளையம் இல்லாததுதான் ஜட்ஜுக்கு அழகு என்கிறோம்! 1969ல் செய்த ஜட்ஜ்கள் மொத்தம் 6,833. அதில் 108 மட்டும் கன்வர்ட்டிபிள். சாதாரண ஜி.டி.ஓ.க்களோ 65,000க்கும் மேல்.

வில்லங்கம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. சேசிஸ் நம்பரில் 242 என்று தொடங்கினால் ஜி.டி.ஓ., அடுத்து 37 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப், 9 என்றால் 1969, பிறகு எந்த ஆலை என்பதற்கு ஓர் எழுத்து, கடைசியில் வரிசை எண். ஜட்ஜ் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. இறக்கையும் ஸ்டிக்கரும் புதிதாகவே கிடைக்கின்றன. ஒரு சாதாரண ஜி.டி.ஓ.வை ஒரு சனிக்கிழமையில் ஜட்ஜ் ஆக்கிவிடலாம். ஆக்கியும் இருக்கிறார்கள்.

போன்டியாக்காரர்களுக்கு மட்டும் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. 1961 முதல் 1986 வரையிலான விற்பனை ஆவணங்கள் மைக்ரோஃபிலிமில் தப்பிப் பிழைத்தன. போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனம் சேசிஸ் நம்பரை வாங்கிக்கொண்டு, வண்டி ஆலையிலிருந்து போனபோது டீலருக்குப் போட்ட பில்லின் நகலைக் கொடுக்கிறது. ஃபோர்டுக்காரர்களுக்கு 1967லிருந்து அதே மாதிரி மார்ட்டி ரிப்போர்ட் என்ற ஆவணம் இருக்கிறது. செவ்ரலே வைத்திருப்பவர்கள் பாவம். கனடாவில் விற்ற வண்டியாக இருந்தால் தப்பித்தார்கள், இல்லையென்றால் வண்டியோடு ஒட்டிக்கொண்டு வந்த காகிதம்தான் கதி.

என் வண்டி ஒஹாயோவில் கிடைத்தது. விளம்பரத்தில் "எல்லா நம்பரும் மேட்சிங், ஒரிஜினல் கரோசல் ரெட்" என்று இருந்தது. மேட்சிங் என்றால் இன்ஜின், கியர்பாக்ஸில் பொறித்த எண்கள் சேசிஸ் நம்பரோடு ஒத்துப்போவது. ரெட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர நம் கண்ணுக்கு அது நல்ல ஆரஞ்சு. முதலில் வந்த ஜட்ஜ்கள் எல்லாம் அந்த ஒரே நிறத்தில்தான் வந்தன, அதனால் ஜட்ஜ் என்றாலே ஆரஞ்சு என்று மனதில் பதிந்துவிட்டது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சேசிஸ் நம்பரை வாங்கி ஆவணத்துக்கு எழுதினேன். வந்தது. ஜட்ஜ் தொகுப்புக்கான டபிள்யூ.டி.1 குறியீடு இருந்தது, நான்கு கியர் மேனுவல் இருந்தது, மறையும் ஹெட்லைட் இருந்தது. நிறம்: வெர்டோரோ கிரீன்.

விற்பவரிடம் கேட்டேன். "பேப்பர்ல தப்பு இருக்கும்" என்றார், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

சரி என்று ஒரு டார்ச், பல் டாக்டர் கண்ணாடி, ஒரு பழைய பாய் எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தேன். டிக்கியில் விரிப்பைத் தூக்கி, புள்ளிப் புள்ளியாகத் தெளித்த பெயின்ட் உரிந்த ஓரத்தில் பார்த்தால் பச்சை. டேஷ்போர்டுக்குப் பின்னால் பச்சை. அடுத்து இன்ஜின். அதன் முன்பக்கம், பயணி அமரும் பக்கத்தில் கீழே, வரிசை எண்ணைப் பொறித்திருப்பார்கள். பொறிப்பு இருந்தது, சேசிஸோடு ஒத்துப்போனது. டபிள்யூ.எஸ். என்ற இரண்டு எழுத்தும் இருந்தது. ராம் ஏர் 3, மேனுவல் கியர், 366 குதிரைசக்தி என்று அதற்கு அர்த்தம். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் 48 என்ற எண், அதுவும் பொருந்தியது. இன்ஜினின் உடலான ப்ளாக்கை வார்த்த தேதியையும் சுரண்டிப் படித்தேன். மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம். பி-யில் தொடங்கினால் பிப்ரவரி. இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரில் அறைந்திருக்கும் தகட்டில் 03சி, அதாவது மார்ச் மூன்றாம் வாரம் வண்டி கட்டப்பட்டது. பிப்ரவரியில் வார்த்த ப்ளாக் மார்ச் மாத வண்டியில் இருப்பது நியாயம். ஏப்ரலில் வார்த்தது இருந்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

மாட்டிக்கொண்டது கியர்பாக்ஸ். மன்சி என்ற வகை நான்கு கியர்தான், ஆனால் அதில் பொறித்திருந்தது வேறொரு வண்டியின் எண். ஆக "எல்லா நம்பரும்" என்பதில் ஒன்று பொய், "ஒரிஜினல்" என்பது முழுப்பொய். இரண்டையும் சொல்லிப் பேரம் பேசினேன், கணிசமாகவே இறங்கினார். என்ன விலை என்று இங்கே எழுத மாட்டேன், ஊரில் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஓட்டும் அனுபவம் பற்றிச் சொல்லாவிட்டால் இது என்ன அனுபவப் பகிர்வு! காலை ஏழு மணிக்கு முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போது பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். இரண்டாம் கியரில் 3,000 சுற்றுக்கு மேல் போனால் குவாட்ராஜெட் கார்பரேட்டரின் நான்கு காற்றுக் குழாய்களும் திறந்து, அது காற்றை இழுக்கும் சத்தம் இன்ஜின் சத்தத்தையே அமுக்கிவிடும். டேஷுக்கு அடியில் ஒரு குமிழ் இருக்கிறது. அதை இழுத்தால் பானெட் துவாரங்கள் திறந்து குளிர்ந்த காற்று நேராக உள்ளே போகும். வேகம் கூடுகிறதா என்றால் சத்தியமாகத் தெரியவில்லை, ஆனால் இழுக்காமல் ஒருநாளும் இருந்ததில்லை. ஸ்டீயரிங்கில் நடுவே இரண்டு விரல் அளவு ஆட்டம் உண்டு. நெடுஞ்சாலையில் அது வண்டி ஓட்டுவது அல்ல, படகு செலுத்துவது.

பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம். ஒருமுறை நன்றாகப் பிடிக்கும், இறக்கத்தில் மூன்றாவது முறை சூடேறி யோசிக்கும். பிரேக் வடிவமைக்கிறவன் டிரம் பிரேக்கில் போவது அலுவலகத்தில் நிரந்தரக் கேலி. முன்னால் டிஸ்க் மாற்றுவது ஒரு வார இறுதி வேலை, பாகமும் சுலபமாகக் கிடைக்கிறது. பில்லில் டிஸ்க் இல்லையே என்று ஐந்து வருடம் பிடிவாதமாக இருந்தேன். ஆறாவது வருடம் மகளை முன்சீட்டில் வைத்துக்கொண்டு ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய் நின்றேன். அடுத்த மாதம் டிஸ்க் போட்டாயிற்று. டிரம்கள் சீட்டு கட்டி அலமாரியில் இருக்கின்றன.

செலவுக் கணக்கு: ஒரு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருக்கிறது என்று அர்த்தம். கம்ப்ரெஷன் 10.75க்கு 1, ஈயம் கலந்த அந்தக் காலப் பெட்ரோலுக்காகச் செய்தது. பங்க்கில் கிடைக்கும் 93 ஆக்டேனில் வெயில் நாளில் 'கிணிகிணி' என்று தட்டும். டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து ஓட்டுகிறேன். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும், வாங்கியவுடன் முதல் வேலையாக அத்தனையும் மாற்றுங்கள். ஆயிலில் துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் கேம்ஷாஃப்ட் தேயும். மறையும் ஹெட்லைட்டுகள் வேக்குவத்தில் வேலை செய்பவை. எங்காவது சிறு கசிவு இருந்தால் ஒரு கண் திறக்கும், இன்னொன்று தூங்கும். ஒரு கல்யாண வீட்டு வாசலில் வண்டி எல்லாருக்கும் கண்ணடித்தது.

பழைய வண்டிகளுக்கான இன்சூரன்ஸ் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்புக்குப் போடுவது. அந்த மதிப்பை நிறுவ அவர்கள் கேட்டது படம் அல்ல, ஆவணம். மிச்சிகனில் குறைந்தது 26 வருடமான வண்டிக்கு ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் வாங்கலாம். கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் எங்கு வேண்டுமானாலும் போகலாம். உட்வர்டு சாலையில் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய வண்டிகள் ஊர்வலம் நடப்பதும் அதே ஆகஸ்டில்தான்.

இனி ஃபைல் விஷயம். எதையும் கழற்றும் முன் படம், கழற்றிய பின் படம், துடைத்த பின் படம். பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தால் இதைக் கேளுங்கள். மூன்றாம் வருடம் கார்பரேட்டரை ஒரு பட்டறையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்தது. பக்கவாட்டில் பொறித்திருக்கும் ஏழு இலக்க எண்ணைப் பார்த்தால், அது என்னுடையது இல்லை. வேறு ஏதோ சாதாரண வண்டியினுடையது. போனில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். தேதியோடு எடுத்த படத்தை அனுப்பினேன். இரண்டு நாளில் "ஷெல்ஃபில் மாறிப்போச்சு" என்று என்னுடையது வந்தது. மாறியதா மாற்றியதா என்று நான் கேட்கவில்லை.

பெட்ரோல் டேங்க் ஒழுகியதால் நான்காம் வருடம் அதை இறக்கினோம். டேங்கின் மேல்முகத்தில், ஐம்பது வருட அழுக்குக்குள், ஒரு காகிதம்! பில்ட் ஷீட். ஆலையில் எந்த வண்டிக்கு எந்தப் பாகம் என்று தொழிலாளிகள் பார்த்துப் பொருத்துவதற்காக அச்சடித்தது. பழைய ஜி.எம். வண்டிகளில் டேங்க் மேலோ சீட் ஸ்பிரிங்கிலோ சில சமயம் கிடைக்கும். பாதி பொடியாக உதிர்ந்தது. மீதியைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, ஒரு மாலை முழுக்க எண்களைப் படித்தேன். அது என் வண்டியுடையதே இல்லை. அதே ஆலையில் சற்று முன்பின்னாக வந்த வேறொரு வண்டியினுடையது. இப்படி மாறிப்போவது ஒன்றும் புதிதல்ல, ஆனால் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அதையும் ஃபைலில் வைத்திருக்கிறேன், "என்னுடையது அல்ல" என்ற சீட்டோடு.

பழைய உரிமையாளர்களைத் தேடுவது அதைவிடக் கஷ்டம். நம்மூர் ஆர்.சி. புக் மாதிரி இங்கே டைட்டில். ஆனால் 1994ல் வந்த சட்டத்தால், முன்பு யாரிடம் இருந்தது என்று அரசு அலுவலகத்தில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். ஒருவரைப் பிடித்து அவருக்கு முந்தியவரைக் கேட்டுப் பின்னோக்கிப் போக வேண்டும். விற்றவர் ஒரு பெயர் கொடுத்தார். அவர் இன்னொன்று. ஆரஞ்சு அடித்தது அந்த இரண்டாமவர்தான், எண்பதுகளின் கடைசியில், "பச்சை ஜட்ஜை யார் வாங்குவா?" என்று. நடுவில் ஒருவர் பேசவே மறுத்துவிட்டார். ஏழாவது வருடம்தான் முதலில் வாங்கியவரின் குடும்பம் கிடைத்தது. அவர் இல்லை. மகள் ஒரு படம் அனுப்பினார்: 1971, பனி கொட்டிக்கிடக்கும் வாசல், பச்சை வண்டி, பின்னால் இறக்கை. பானெட் மேல் இன்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் இல்லை. இப்போது என் வண்டியில் இருக்கிறது. பில்லில் அது இல்லாதது ஏன் என்று எனக்கு இருந்த கேள்விக்கு பதில் கிடைத்தது. யாரோ பிறகு மாட்டியது. கழற்றலாம்தான், ஆனால் பானெட்டில் வெட்டிய ஓட்டை இருக்கும். அப்படியே விட்டுவிட்டேன். மழை நாளில் உள்ளே பனித்து, முள் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

பச்சைக்கு மாற்றப்போகிறாயா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மாற்றவில்லை. இப்போதிருக்கும் பெயின்ட் நல்ல வேலை, முன்பக்கம் ரப்பர் மாதிரி வளையும் எண்டுரா பம்பரில் மட்டும் மயிரிழை வெடிப்பு. பார்க்க வருகிறவர்களிடம் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பச்சையைக் காட்டுகிறேன், பில்லைக் காட்டுகிறேன். விற்கும் காலம் வந்தால் வாங்குகிறவரும் அதே வரிசையில் பார்க்கட்டும்.

போன ஆகஸ்டில், படம் அனுப்பிய அந்தப் பெண்மணி ஒஹாயோவிலிருந்து வந்தார். எழுபதை நெருங்கும் வயது. ஆரஞ்சு வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இது அப்பா வண்டிதானா?" என்றார். நம்பர்களைக் காட்டலாமா என்று ஃபைலை எடுத்தேன். அதற்குள் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். மூடும்போது, தன்னையறியாமல், இரண்டு கையாலும் கதவைச் சற்று மேலே தூக்கி இழுத்தார். இந்த வண்டிகளின் நீளக் கதவு தொங்கிப்போகும், தூக்கினால்தான் பூட்டும். வாங்கிய புதிதில் நானும் அப்படித்தான் மூடினேன். இரண்டாம் வருடம் கீல் பின்களை மாற்றியபிறகு தேவைப்படவில்லை.

பழைய பின்கள் நான்கும் தேதி போட்ட பையில் இருந்தன. எடுத்துக் காட்டினேன். ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பையின் மேல் இப்போது "3" என்று திருத்தியிருக்கிறேன்.