விடைத்த காதைச் சரிசெய்து வருடங்கள் ஆன பிறகு: எனக்கும் மகனுக்கும் எப்படி இருக்கிறது

விடைத்துக்கொண்டு நிற்கும் காதைப் பின்னால் அடக்கும் ஓட்டோபிளாஸ்டி எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு நடந்திருக்கிறது. எனக்கு முப்பதைத் தாண்டிய பிறகு, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு. என் மகனுக்குத் தொடக்கப் பள்ளி வயதில், முழு மயக்கத்தில். இரண்டும் முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன. கட்டுப் பிரித்த கையோடு எழுதும் அனுபவங்களில் ஒரே குதூகலமாக இருக்கும், நியாயம்தான். ஆனால் இந்தச் சிகிச்சை எப்படி என்று சொல்ல அந்த வாரம் போதாது.

முதலில் காது ஏன் விடைக்கிறது என்று பார்த்துவிடலாம். காது மடலின் மேல் பாதியில் உள்ளே ஒரு மடிப்பு இருக்க வேண்டும். அது சரியாக உருவாகாவிட்டால் மேல்பகுதி முறம் போல விரிந்து நிற்கும். இல்லையென்றால், துவாரத்தைச் சுற்றியுள்ள கிண்ணம் ஆழமாக இருந்து மொத்தக் காதையும் வெளியே தள்ளும். மகனுக்கு முதல் வகை. எனக்கு இரண்டும். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பிலிருந்து மடலின் ஓரம் வரை சர்ஜன் சின்ன ஸ்கேல் வைத்து அளந்தார். பொதுவாக 20 மில்லிமீட்டருக்கு மேல் போனால் விடைத்த காது என்கிறார்கள். கேட்கும் திறனுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, அறுவைக்கு முன்னும் சரி, பின்னும் சரி.

காதுக்குப் பின்னால் கீறி, உள்ளே குருத்தெலும்பை மடித்து, கரையாத நூலால் தைக்கிறார்கள். மடிப்பை உருவாக்கும் தையலை 1963இல் முஸ்டார்டே என்ற சர்ஜன் எழுதிவைத்தார். ஆழமான கிண்ணத்தைப் பின்னால் இழுத்து எலும்பின் மேலுறையோடு கட்டும் தையல் 1968இல் ஃபர்னாஸ் சொன்னது. இன்றைக்கும் பெரும்பாலும் இவற்றையோ இவற்றின் மாற்று வடிவங்களையோதான் செய்கிறார்கள். எனக்கு இரண்டு விதத் தையலும் உண்டு. விழித்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. வலி இல்லை, ஆனால் சத்தம் இருந்தது. குருத்தெலும்புக்குள் ஊசி நுழைந்து நூல் உரசிப்போவது செவிப்பறைக்குப் பக்கத்திலேயே நடக்கிறதல்லவா, கரகரவென்று தலைக்குள் கேட்கும். இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் லேசான மயக்கமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மகனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவனுக்கு வேறு தொல்லை: விழித்ததிலிருந்து வாந்தி. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு இது சகஜம் என்றும், முன்கூட்டியே மருந்து கொடுத்தும் சிலருக்கு வருகிறது என்றும் மயக்க மருத்துவர் சொன்னார். மறுநாள் காலையில் எழுந்து பசிக்கிறது என்றான். அதோடு அவன் கஷ்டம் முடிந்தது, கட்டுக்குள் அரிப்பதைத் தவிர.

எனக்கோ, என் அறுவை முடிந்த பிறகுதான் கஷ்டமே ஆரம்பித்தது. அன்றிரவு ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனது. போனில் கிடைத்த ஆள், மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குங்கள் என்றார். மனைவி விடவில்லை, நேரில் இழுத்துப் போனாள். கட்டைப் பிரித்தால் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருந்தது. வெளியேற்றிவிட்டு மறுபடி கட்டினார்கள். அப்படியே விட்டால் குருத்தெலும்பு கெட்டு வடிவமே போய்விடலாம். இரண்டு பக்கமும் சமமாக வலித்தால் பொறுக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனால், எந்த நேரமானாலும் கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டு எடுத்ததும் காது ஊதா நிறத்தில், வீங்கி, தலையோடு ஒட்டிவைத்தது போல இருக்கும். ஐயோ ஒரேயடியாக அடக்கிவிட்டார்களே என்று தோன்றும். கொஞ்சம் தளரும் என்று தெரிந்தே அப்படி வைக்கிறார்கள். அப்புறம் சில வாரங்களுக்கு இரவில் ஹெட்பேண்ட். உண்மையில் சிகிச்சையைக் காப்பாற்றுவது இதுதான். தூக்கத்தில் புரண்டு காது முன்னால் மடங்கினால் தையல் அறுந்துவிடலாம். மகன் அதைக் கிரீடம் போல மாட்டிக்கொண்டு தூங்கினான். ஒருக்களித்துப் படுத்தே பழகிய எனக்கு மல்லாந்து படுப்பது அறுவையை விடப் பெரிய தண்டனை. கூடவே, தலைவழியாக மாட்டும் டிஷர்ட்டை மறந்துவிட்டுப் பட்டன் சட்டைக்கு மாற வேண்டியிருந்தது. காதுக்கும் தலைக்கும் இடையே இடம் குறைந்துவிட்டதால் மூக்குக்கண்ணாடியின் காம்பையும் புதிதாக வளைக்க வேண்டி வந்தது.

இப்போதைய நிலவரத்துக்கு வருகிறேன். மேல் ஓரத்தில் மரமரப்பு மாதக்கணக்கில் இருந்து போனது. குளிர்காற்று பட்டால் எனக்கு இன்னும் சுள்ளென்று இருக்கும். ஒருநாள் காதுக்குப் பின்னால் முள் போல ஏதோ விரலில் தட்டுப்பட்டது. உள்ளே இருந்த நூல் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. சர்ஜன் மரத்துப்போகச் செய்து, பிடுங்கி எறிந்துவிட்டார். காது மறுபடி விடைக்குமோ என்ற பயம் எனக்கு. இவ்வளவு காலத்தில் உள்ளே தழும்பு இறுகி, மடிப்பைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்றார். விடைக்கவும் இல்லை. ஆனால் இடது காதின் மேல்முனை மட்டும் முதல் வருடத்திலேயே லேசாக முன்னால் வந்துவிட்டது. இரண்டு காதுக்கும் 3 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருந்தால் நல்ல முடிவு என்றுதான் மருத்துவக் கணக்கு. கண்ணாடியில் உற்றுப்பார்க்கும் எனக்குத் தெரிகிறது, வேறு யாருக்கும் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

மகனின் காது செய்தது போலவே நிற்கிறது. சின்ன வயதில் குருத்தெலும்பு வளைந்துகொடுக்கும், என்னுடையது முரண்டு பிடிக்கும் ரகம். அதற்காக அவசரப்படவும் கூடாது. ஐந்தாறு வயதுக்குள் காது பெரும்பாலும் வளர்ந்துவிடுகிறது, அதற்கு அப்புறம்தான் பொதுவாகச் செய்கிறார்கள். நாங்கள் அவனாகக் கேட்கும்வரை பேச்சே எடுக்கவில்லை. கேட்காத பிள்ளைக்கு இதைச் செய்ய எனக்கு மனசு வராது. தானாகக் கேட்டவன்தான் ஹெட்பேண்டை முணுமுணுக்காமல் மாட்டுவான். பிறந்த குழந்தை என்றால் கத்தியே வேண்டாம். தாயின் ஹார்மோன் உடம்பில் இருக்கும் முதல் சில வாரங்களில் குருத்தெலும்பு மெத்தென்று இருக்கும், அச்சு வைத்தே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

சர்ஜனிடம் போனால் அழகான படங்களைக் காட்டுவார்கள். பழைய காயத்தழும்பு எதுவும் உங்களுக்குத் தடித்து வளர்ந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், காதில் அப்படித் தடித்து வளரும் தழும்பு (கெலாய்டு) வந்தால் விடைத்த காதே தேவலை. நூல் வெளியே வந்தாலோ காது திரும்ப விடைத்தாலோ மறுசிகிச்சைக்கு யார் செலவு என்பதையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.