சாருமான் எங்கே போனான்? நீள்பதிப்பில் பதில் இருக்கிறது

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் மூன்றாவது படமான 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்'கின் நீள்பதிப்பு (கூடுதல் காட்சிகள் சேர்த்தது) டிவிடி, பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் 25 வெள்ளிக்குக் கிடைத்தது. பெட்டி கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, வட்டில் கீறல் இல்லை.

2003இல் திரையரங்கில் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி இருந்திருக்கும்: அவ்வளவு ஆட்டம் போட்ட தீய மந்திரவாதி சாருமான் எங்கே? கோபுரத்தில் அடைபட்டிருக்கிறான் என்று பேச்சோடு பேச்சாக முடித்துவிட்டார்கள். நீள்பதிப்பில் கோபுர உச்சியில் அவனுடைய கையாள் வோர்ம்டங் அவனைக் குத்துகிறான். சாருமான் கீழே நீர்ச்சக்கரத்தில் விழுகிறான்; அது சுழலும்போது அவன் அங்கியிலிருந்து பலாந்தீர் என்ற மாயக்கல் நழுவித் தண்ணீரில் விழுகிறது. ஹாபிட் என்ற குள்ள இனத்தைச் சேர்ந்த பிப்பின் எடுக்கும் கல் அங்கே எப்படி வந்தது என்பதும் இப்போதுதான் புரிகிறது. டோல்கீனின் மூல நாவலில் சாருமான் சாவது ஹாபிட்களின் ஊரான ஷயரில். பரவாயில்லை, சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீயின் குரலுக்காகவே இந்தக் காட்சி வேண்டும்.

ஆனால் எதிரிப்படைத் தலைவனான சூனிய மன்னன், நல்ல மந்திரவாதி கேண்டால்ஃபின் கோலை உடைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பால்ரோக் என்ற நெருப்பு அரக்கனையே வீழ்த்தித் திரும்பி வந்தவர் அவர்! நாவலில் இருவரும் கோட்டை வாசலில் நேருக்கு நேர் நிற்க, சேவல் கூவுகிறது, உதவிக்கு வரும் ரோஹன் நாட்டுப் படையின் கொம்புகள் முழங்குகின்றன. கோல் உடைவதே இல்லை.

படம் 4 மணி நேரத்துக்கு மேல், நடுவில் வட்டு மாற்ற வேண்டும். தமிழ் வசனவரி கிடையாது, அம்மாவுக்கு நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம்.