‘சின்ன ஓட்டைதான்’ என்றார்கள், கண் மூடவில்லை

தாடை மூட்டு வலிக்கு ஆர்த்ரோஸ்கோபி (சின்ன ஓட்டை போட்டு, மூட்டுக்குள் கேமராக் குழாயை விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்துகொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வாயைத் திறந்தால் இடது காதுக்கு முன்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம். அப்புறம் வலி. கடைசியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. எங்கள் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் முழுத் தாடையும் ஒரே படத்தில் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்தார்கள். “லேப்ராஸ்கோபி மாதிரிதாம்மா, ரெண்டு சின்ன ஓட்டை. மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்” என்றார் டாக்டர். மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் வட்டு எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மென்மையான சாப்பாடு, பல்லில் மாட்டும் ஸ்ப்ளிண்ட், தாடைப் பயிற்சி என்று முதலில் செய்து பார்க்க வேண்டிய எதையும் அங்கே சொல்லவில்லை. நேரே 85,000 ரூபாய்க்கு எஸ்டிமேட்.

ஆபரேஷனுக்கு மறுநாள் முகம் கழுவும்போது சோப்பு நுரை இடது கண்ணுக்குள் போய்விட்டது. கண்ணை இறுக்க மூடியிருப்பதாகத்தான் நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் இமைகளுக்கு நடுவே வெள்ளை விழி கீற்றாகத் தெரிகிறது. புருவத்தைத் தூக்கினால் வலது பக்கம் மட்டும் ஏறுகிறது. பதறிப்போய்ச் சொன்னேன். “வீக்கம்மா, வடிஞ்சா சரியாயிடும்” என்று டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்துகூட எழுதித் தரவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. போன் செய்தால் ரிசப்ஷனிலேயே அதே பதில்.

ஐந்தாம் நாள் கண் சிவந்து, மிளகாய்ப் பொடி விழுந்த மாதிரி எரிந்தது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, கருவிழி காய்ந்து புண்ணாகத் தொடங்கியிருக்கிறது என்றார். பகலில் செயற்கைக் கண்ணீர், இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டிக்கொண்டு தூக்கம். என் பையன் அந்த டேப்பைப் பார்த்து அழுதான்.

பிறகு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். புருவத்தைத் தூக்கவும் கண்ணை மூடவும் உதவும், நெற்றிக்குப் போகும் முக நரம்பின் கிளை, காதுத் துவாரத்துக்கு 8 முதல் 35 மி.மீ. முன்னால் எங்காவது கன்ன எலும்பைக் கடக்குமாம். இடம் ஆளுக்கு ஆள் மாறும். ஓட்டை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போடுவது அந்த வட்டாரத்தில்தான். கருவி இடித்தாலும், மூட்டைக் கழுவும் திரவம் வெளியே கசிந்து வீங்கினாலும் நரம்பு அழுந்தலாம். பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும், ஆனால் அதுவரை கண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்றார். எனக்குப் புருவம் அசைய நாலு மாதம் ஆனது.

ஆகவே எம்.ஆர்.ஐ. இல்லாமல் சம்மதிக்காதீர்கள். நரம்பு பாதித்தால் யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். சம்மதப் படிவத்தை முதல் நாளே வாங்கி, தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பதிவுத் தபாலில் இரண்டு முறை கேட்ட பிறகுதான் என் ஃபைலின் நகல் கிடைத்தது. “முக நரம்பு பாதிப்பு பற்றி நோயாளிக்கு விளக்கப்பட்டது” என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சடித்திருந்தது. கீழே என் கையெழுத்து. காலை ஏழு மணிக்கு, ஆபரேஷன் உடையில், ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தபடி நான் போட்டது.