ஏழு வாரம் மலையிறங்கும் சிவப்பு: தத்தேயாமா–குரோபே மலைப்பாதை மதிப்புரை

ஜப்பானில் இலை சிவப்பதைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஊரைக் குறிவைத்து, மாதக்கணக்கில் முன்னதாக டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். போய் இறங்கினால் ஒன்று மரமெல்லாம் பச்சையாக நிற்கும், இல்லையென்றால் இலையெல்லாம் கொட்டிக் கிடக்கும். இந்தச் சூதாட்டம் பிடிக்காதவர்களுக்கு, வண்டி மாறி மாறி மலையைக் கடக்கும் தத்தேயாமா–குரோபே அல்பைன் ரூட் நல்ல வழி. தொயாமா மாகாணத்தில் 475 மீட்டர் உயரத்தில் உள்ள தத்தேயாமா நிலையத்தில் தொடங்கி, 2,450 மீட்டரில் உள்ள முரோடோவைத் தொட்டு, நாகனோ பக்கம் 1,433 மீட்டரில் இருக்கும் ஓகிசாவாவில் முடிகிறது. மொத்தம் 37 கிலோமீட்டர்தான். ஆனால் செங்குத்தாக ஏறக்குறைய 2,000 மீட்டர் வித்தியாசம். நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குளிரும் என்ற கணக்கில், அடிவாரத்துக்கும் முரோடோவுக்கும் 12 டிகிரி இடைவெளி. செப்டம்பர் நடுவில் உச்சியில் தொடங்கும் நிறம் நவம்பர் தொடக்கத்தில்தான் அடிவாரத்தைத் தொடும். நாளொன்றுக்கு 40, 50 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் ஒரு வாரம் தப்பாகப் போனாலும் முந்நூறு மீட்டர் மேலேயோ கீழேயோ சரியான இடம் இருக்கும்.

வழக்கமான ஆண்டில் நிலவரம் இப்படி: முரோடோ செப்டம்பர் நடு முதல் மாதக் கடைசி வரை, மிடாகஹாரா சமவெளி (1,930 மீட்டர்) செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம், ரோப்வேயின் (கம்பிவடத்தில் தொங்கிப் போகும் பெட்டி) மேல்முனையான டைகன்போவுக்குக் கீழே உள்ள சரிவு அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டி, அதன் கீழ்முனையான குரோபேதைரா அக்டோபர் நடு, குரோபே அணை அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை, ஓகிசாவாவும், தத்தேயாமா நிலையத்துக்குச் சற்று மேலே உள்ள பிஜோதைராவின் பீச் காடும் அக்டோபர் கடைசி. கோடை நீண்டு வெயில் விடாமல் அடித்த ஆண்டுகளில் எல்லாமே ஒரு வாரம் தள்ளிப்போகும்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அக்டோபர் 5-க்கும் 15-க்கும் இடையில் ஒரு வேலைநாள். அக்டோபர் இரண்டாம் திங்கள் ஜப்பானில் விடுமுறை. அதையொட்டிய மூன்று நாளையும் தவிர்த்துவிடுங்கள். குரோபே அணையில் தண்ணீர் திறந்துவிடும் காட்சியும் வழக்கமாக அக்டோபர் நடுவோடு நின்றுவிடும் என்பதால், இந்தப் பத்து நாளில் போனால் அதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பெரும்பாலான சுற்றுலா நிறுவனங்கள் தொயாமா பக்கமிருந்து ஏற்றி நாகனோ பக்கம் இறக்குகின்றன. இலைக்காகப் போகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். காரணம் வெளிச்சம். ரோப்வே இருக்கும் டைகன்போ–குரோபேதைரா சரிவு கிழக்கு பார்த்தது. காலையில் வெயில் நேராக விழுந்து சிவப்பு எரியும். மதியத்துக்குப் பின் தத்தேயாமா முகடு சூரியனை மறைத்ததும் அதே சரிவு சாம்பல் பூத்துப்போகும். மிடாகஹாரா மேற்கு பார்த்தது, அதற்கு மாலை வெயில்தான் சரி. ஆகவே முந்தின இரவு நாகனோ பக்கம் உள்ள ஷினானோ ஓமாச்சியில் தங்கி, காலை முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்து (40 நிமிடம்) ஓகிசாவா வந்து, அங்கிருந்து மேற்கே போங்கள்.

வண்டிகள் ஆறு. ஓகிசாவாவிலிருந்து சுரங்கப்பாதை மின்பேருந்தில் 16 நிமிடம். அணைமேல் கால்நடையாகக் கால் மணி நேரம். முழுக்கச் சுரங்கத்துக்குள்ளேயே ஓடும் கேபிள் காரில் (வடத்தால் இழுக்கப்பட்டுத் தண்டவாளத்தில் ஏறும் வண்டி) 5 நிமிடம். ரோப்வே 7 நிமிடம். முரோடோவுக்கு இன்னொரு சுரங்கப் பேருந்து 10 நிமிடம் (மேலே உள்ள கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடிய ட்ராலி பஸ்ஸுக்கு 2024-இல் விடை கொடுத்து, 2025 முதல் இங்கும் மின்பேருந்துதான்). பிறகு மிடாகஹாரா வழியாகப் பிஜோதைராவுக்கு மலைப்பேருந்தில் 50 நிமிடம், கடைசிக் கேபிள் காரில் 7 நிமிடம். கூட்டினால் வண்டிக்குள் இருப்பது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான். ஆனால் வரிசைகளையும் வேடிக்கை பார்ப்பதையும் சேர்த்து எட்டு மணி நேரம் ஒதுக்காவிட்டால் கடைசி வண்டிக்கு ஓட வேண்டியிருக்கும். மேலிருந்து இறங்கும் கடைசி வண்டிகள் மாலை 5-ஐ ஒட்டி முடிந்துவிடும். மாதத்துக்கு மாதம் நேரம் மாறும், அன்றைய அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணத்தின் உயிர் ரோப்வேதான். 1.7 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. பனிச்சரிவு விழும் இடம் என்பதாலும், காட்சி கெடக்கூடாது என்பதாலும் அப்படிக் கட்டினார்கள். பார்வையாளருக்கு இதனால் என்ன லாபம் என்றால், கால் கீழே விரியும் காட்டை எதுவும் மறைக்காது. மேலே போகும்போது பெட்டியின் பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி நில்லுங்கள். ஏரியும் எதிர்மலையும் அந்தப் பக்கம்தான். கண்ணாடியில் உங்கள் சட்டையே பிரதிபலிக்கும், கறுப்பாக ஏதாவது போட்டுக்கொண்டு லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். கூட்ட நாளில் குரோபேதைராவில் ரோப்வேக்கு வரிசை எண் சீட்டு தருவார்கள். இறங்கியதும் அதை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மொட்டைமாடிக்குப் போங்கள். மாறிச் செய்தால் ஒரு மணி நேரம் போய்விடும். காற்று பலமாக வீசினால் ரோப்வே நிற்கும். நடுவில் வேறு பாதை கிடையாது, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

எது எந்த நிறம் என்று தெரிந்திருந்தால் உச்சம் எங்கே நிற்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். வெள்ளைத் தண்டோடு மஞ்சளாக நிற்பது மலை பிர்ச். கொத்துப் பழத்தோடு இரத்தச் சிவப்பாக இருப்பது நனகமாதோ என்ற சிறு மரம். முரோடோவில் மரமே இல்லை. கணுக்கால் உயரச் சிங்குருமா செடி தரையெல்லாம் சிவக்கும், நடுநடுவே தரையில் படர்ந்த பைன் பச்சையாகக் கிடக்கும். மரக் காட்டை எதிர்பார்த்து முரோடோ போகாதீர்கள்.

நனகமாதோ இலை ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வெயில் பட்ட பாகம் சிவந்தும், மேல் இலை மறைத்த பாகம் மஞ்சளாகவும் இருக்கும். மஞ்சள் நிறமி இலைக்குள் முன்பே இருந்தது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்போ இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து வெளிச்சத்தில் புதிதாக உண்டாவது. அதனால்தான் பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்த ஆண்டில் சிவப்பு தூக்கலாக இருக்கும். இலை ஓரம் பழுப்பாகச் சுருண்டிருந்தால் வறட்சியோ புயல்காற்றோ கைவைத்துவிட்டது என்று அர்த்தம். செப்டம்பரில் புயல் கடந்த ஆண்டென்றால் மேல்சரிவை நம்பாமல், காற்று அவ்வளவாகப் புகாத அணைப் பக்கத்துக்கு நேரத்தைக் கூட்டுங்கள்.

அக்டோபர் முதல் பாதியிலேயே முகட்டில் முதல் பனி விழக்கூடும். அப்போது மேலே வெள்ளை, நடுவே சிவப்பு, கீழே பச்சை என்று மூன்று அடுக்கும் ஒரே பார்வையில் கிடைக்கும். குரோபேதைரா மாடிதான் அதற்கு இடம்.

மலைப்பேருந்தில் இறங்கும்போது வலப்பக்க இருக்கை பிடித்தால் 350 மீட்டர் ஷோம்யோ அருவி தெரியும். மிடாகஹாராவில் நடுவில் இறங்கிப் பலகைப் பாதையில் நடக்க நினைத்தால், மறுபடி ஏறும் பேருந்தில் இடம் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

குறைகளும் உண்டு. ஒரு வழிப் பயணத்துக்கே பத்தாயிரம் யென்னுக்கு மேல், வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜப்பான் ரயில் சீட்டான ஜே.ஆர். பாஸ் இந்தப் பாதையில் செல்லாது. அக்டோபர் நடுவுக்குப் பின் முரோடோ பழுப்பாகிவிடும், அப்போது முழுத் தூரத்துக்குப் பணம் கட்டுவது வீண். ஓகிசாவா–டைகன்போ போய்வரும் டிக்கெட்டே போதும். இணையத்தில் முன்பதிவு செய்தால் தொடக்க வண்டியின் நேரம் உறுதியாகும். இடையில் உள்ள வரிசைகளுக்கு அது உதவாது.

பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு ஆறு வண்டி ஏறி இறங்க முடியாது, மறுபக்கத்துக்கு அனுப்பும் பெட்டிச் சேவையைக் காலையிலேயே பிடியுங்கள். அணைப் பார்வை மேடைக்கு 220 படி. முட்டிவலிக்காரர்கள் கீழ்வழியாக நேரே அணைக்குப் போய்விடலாம். அணை உணவகத்தின் பிரபலமான சாப்பாடு, சோற்றை அணையாகக் கட்டிக் குழம்பைத் தேக்கிய குரோபே டேம் கறி. சைவர்களுக்கு அது ஆகாது. ஜப்பானியக் கறிக் கட்டியில் இறைச்சிக் கொழுப்பும், சோபா நூடுல்ஸ் சாற்றில் மீனும் இருக்கும் என்பதால், ஓமாச்சியிலேயே பழமும் ரொட்டியும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.