காரைக்குடி மளிகைக் கடை மிளகு: எதை, எதற்கு, எப்படி வாங்கலாம்

செக்காலை ரோட்டு மளிகைக் கடைகளில் மிளகு கேட்டால் மூன்று விலை சொல்வார்கள். மலை மிளகு, சிலோன் மிளகு, ஊர் பேர் சொல்லாத சாதா மிளகு. சாதா என்பது பல நேரம் வியட்நாம் சரக்கு, இல்லையென்றால் கலவை.

மலை மிளகு குடகு, இடுக்கி, வயநாட்டிலிருந்து வருவது. நம் பக்கம் தாண்டிக்குடி, கொல்லிமலையும் உண்டு. 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் குண்டு மணியை ‘தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு’ என்று கூடுதல் விலைக்குத் தருவார்கள். பார்க்க அழகுதான், ஆனால் மணி பெருத்தால் காரம் பெருகாது. வறுவலில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட இதை வாங்கலாம். சிலோன் மிளகில் காரம் தரும் பைப்பரினும் வாசனை எண்ணெயும் அதிகம். மிளகுக் கோழிக்கும் நண்டு ரசத்துக்கும் இதுவே சரி; கிலோ கோழிக்கு 15 கிராம் போதும். சாதா மிளகில் 20 கிராம் போட்டாலும் நாக்குதான் உறைக்கும், வாசனை எழும்பாது.

கொழும்பு செட்டியார் தெருவில் கடை வைத்த ஊர்க்காரர்களுக்குச் சிலோன் மிளகை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் விலையைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மிளகுக்கு இந்தியாவின் பொது இறக்குமதி வரி 70 சதவீதம். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு போட்ட ஒப்பந்தத்தில் வரும் வியட்நாம் சரக்குக்கு 50 சதவீதத்தை ஒட்டி. இலங்கைக்கு மட்டும் வாசல் அகலம்: 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் வரியில்லாமல் வரலாம், அதற்கு மேல் தெற்காசிய நாடுகளின் சாஃப்டா வணிக ஒப்பந்தத்தில் 8 சதவீதம். இவ்வளவு இடைவெளி இருந்தால் வியட்நாம் மூட்டை கொழும்பு வழியாகச் சிலோன் பெயரில் வரத்தானே பார்க்கும்? குடகு, கேரள விவசாயிகளின் நெடுநாள் புகார் அதுதான்.

2017 டிசம்பரில் மத்திய அரசு ஒரு தடுப்புப் போட்டது: துறைமுகம் வந்து சேரும் விலை கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்தால் இறக்குமதி கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்டால் ஓட்டை தெரியும். உண்மை விலை 350 என்று வையுங்கள். வியட்நாமிலிருந்து நேராக எடுப்பவர் பில்லில் 500 காட்டினால் பாதிக்குப் பாதி வரி சேர்ந்து 750 ஆகும், வியாபாரம் படுத்துவிடும். இலங்கை வழியாக எடுப்பவருக்கு 8 சதவீதம், அதாவது 40 ரூபாய். பில்லில் ஏற்றிக் காட்டிய 150 ரூபாய் வெளிநாடு போய் வேறு வழியில் திரும்பிவிடலாம். ஆக, வரி குறைந்த வாசலில் இந்தத் தடுப்பால் பலன் இல்லை. அரசுக்கும் பெரிதாக வருமானம் இல்லை. அடுத்த ஆண்டுகளில் உள்ளூர் விலை 500க்குக் கீழேயே கிடந்தது. சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்று சொல்லும் மூலச் சான்றிதழைத் துருவிப் பார்க்கும் சுங்க விதிகள் 2020 செப்டம்பரில்தான் வந்தன. ஓட்டையை அடைக்க உதவுவது இந்த மாதிரி சரிபார்ப்புதான் என்பது என் கணிப்பு.

உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் இந்த மாதிரி குறைந்தபட்ச இறக்குமதி விலையையே கூடாதவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனாலும் அறிவிப்பு நிலைத்தது. தோட்டக்காரர்கள் சில மாவட்டங்களில் திரண்டிருப்பவர்கள், எம்.பி. வரை அவர்கள் குரல் போகும். மிளகிலிருந்து சாறு பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்யும் ஆலைகளும் போராடித் தங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டன. வருடத்துக்குக் கிலோவோ இரண்டோ வாங்கும் வீட்டுக்காரர் நூறு ரூபாய்க்காகக் கொடி பிடிக்க மாட்டார். மெஸ் நடத்துபவருக்கு வலிக்கும், ஆனால் அவருக்குச் சங்கம் இருப்பது வேறு விஷயத்துக்கு.

2024ல் சந்தை விலையே 600ஐத் தாண்டியதால் அந்த 500 இப்போது வெறும் காகிதம். விலை இறங்கினால் திரும்ப உயிர் வரும்.

வாங்கும்போது சாக்கின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்க்கக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் காட்டுவார். ஒரு லிட்டர் பாத்திரத்தில் தலைதட்டி நிரப்பி நிறுத்தால் 550 கிராம் வரை வருவது கெட்டி மிளகு, 450க்குக் கீழே என்றால் பதர். ஒரு பிடியைத் தண்ணீரில் போடுங்கள்: பதரும் பப்பாளி விதையும் மிதக்கும், பப்பாளி விதை நீள்வட்டமாக, பச்சை கலந்த பழுப்பில் இருக்கும். பளபளவென்று மின்னினால் வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், மினரல் ஆயில் பூசியிருந்தால் கறையும் மண்ணெண்ணெய் வாடையும் காட்டிக்கொடுக்கும். சிலோன் என்று சொல்லி மலை மிளகை விட ரொம்பவே மலிவாகக் கொடுத்தால் கால் கிலோவுக்கு மேல் எடுக்காதீர்கள்.

கசகசாவும் சேர்த்து வாங்குபவர்களுக்கு: அதன் இறக்குமதி ஒப்பந்தங்கள் குவாலியர் போதைப்பொருள் ஆணையரகத்தில் பதிவாக வேண்டும். பதிவு தாமதமானால் விலை எகிறும். அப்போது குருமாவுக்கு முந்திரியைக் கூட்டிக்கொள்ளலாம். கல்பாசி, மராட்டி மொக்கு உள்நாட்டுச் சரக்கு, இந்தத் தொல்லை இல்லை.

என் மதிப்பு: சிலோன் ஐந்துக்கு நாலரை, மலை மிளகு நான்கு, சாதா இரண்டு. அரைத்த பொடியை எந்தக் கடையிலும் வாங்க வேண்டாம்.